சைக்கிளில் விழுந்து அவசர சிகிச்சைக்கு வரும் பெரியவர்கள்: கேள்வி-பதில்

சைக்கிள் காயங்கள் வருடா வருடம் கூடுவதாகப் படிக்கிறோம். சைக்கிள் ஓட்டுவது முன்பைவிட ஆபத்தாகிவிட்டதா?

காயங்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆபத்து கூடியதா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பெரும்பாலான தலைப்புச் செய்திகள் வருகின்றன.

அமெரிக்காவில் 1998 முதல் 2013 வரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த, 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் சைக்கிள் காயங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, இரண்டு ஆண்டுக் காலத்துக்கு ஒரு லட்சம் பேரில் 96 ஆக இருந்த காயங்கள், ஆய்வின் இறுதியில் 123 ஆகியிருந்தன. 28 சதவீத உயர்வு. மருத்துவமனைப் படுக்கையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களோ 5.1-லிருந்து 11.2 ஆகிவிட்டார்கள். இது 120 சதவீத உயர்வு.

வகுத்திருப்பது மக்கள்தொகையால் என்பதைக் கவனியுங்கள், ஓட்டிய கிலோமீட்டரால் அல்ல. ஓட்டுபவர்கள் பெருகினாலே முதல் எண் ஏறிவிடும். பீட்டர் ஜேகப்சன் 2003-ல் எழுதிய ஆய்வின் கணக்குப்படி, ஓர் ஊரில் சைக்கிள் ஓட்டம் இரு மடங்கானால் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஓட்டும் ஒவ்வொருவருக்குமான ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறையும். எனவே 28 சதவீதத்தைப் பார்த்துப் பயந்து சைக்கிளை மூலையில் சாத்திவைக்க வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது 120 சதவீதத்தைப் பார்த்துத்தான். ஓட்டுபவர்கள் பெருகியது மட்டுமே காரணமென்றால் காயமும் சேர்க்கையும் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. தலைக்காயத்தின் பங்கும் 10 சதவீதத்திலிருந்து 16 ஆகியிருக்கிறது. வருபவர்களின் காயம் கனத்துவிட்டது.

இந்த எண்களை யார், எப்படி எடுக்கிறார்கள்? காவல்துறைக் கணக்கோடு ஒத்துப்போவதில்லையே?

ஒத்துப்போகாது. அமெரிக்கக் கணக்கு சுமார் 100 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து வருகிறது. அங்கே நோயாளிக் குறிப்பைப் படித்து ஒவ்வொரு காயத்தையும் பதிவுசெய்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எடை கொடுத்து நாடு முழுமைக்கும் மதிப்பிடுகிறார்கள். விழுந்த இடத்திலேயே இறந்தவர், பக்கத்து டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர், வீட்டிலேயே மஞ்சள் தடவிக்கொண்டவர் யாரும் இதில் வரமாட்டார்கள்.

காவல்துறைக் கணக்கில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கார் மோதினால் வழக்குப் பதிவாகும். ஈர இலையில் சறுக்கித் தனியாக விழுந்தால் யாரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. ஆனால் அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் தனியாக விழுந்தவர்கள் மிக அதிகம்; சைக்கிள் நாடான நெதர்லாந்தில் பெரும்பான்மையே அவர்கள்தான். காவல்துறைக் கணக்கை மட்டும் வைத்துச் சாலையைத் திருத்தினால் தனி விழுகைக்குக் காரணமான குழியும் விளிம்புக் கல்லும் அப்படியே கிடக்கும்.

உங்களால் ஆன உதவி ஒன்று உண்டு. சேர்க்கை மேசையில் "சைக்கிளில் விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சாதா சைக்கிளா மின்சைக்கிளா, மோதியது எதில், என்ன வேகம், ஹெல்மெட் இருந்ததா, முதலில் தரையில் பட்டது எந்தப் பாகம் என்று சொல்லுங்கள். சர்வதேச நோய்க் குறியீட்டில் கார் மோதிய சைக்கிள்காரருக்கு வி13, மோதலின்றி விழுந்தவருக்கு வி18. நீங்கள் சொல்லாவிட்டால் 'விவரமில்லை' என்ற பெட்டிக்குள் போய்விடுவீர்கள். சிகிச்சைக்கும் இதே விவரம்தான் வேண்டும்.

45 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்களா?

மேலே சொன்ன ஆய்வில் காயம்பட்டவர்களில் 45-ஐத் தாண்டியவர்கள் 23 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள்; படுக்கையில் சேர்க்கப்பட்டவர்களில் 39-லிருந்து 65 ஆனார்கள். நடுவயதில் சைக்கிளுக்குத் திரும்பியவர்கள் பெருகியது ஒரு காரணம். இன்னொன்று உடம்பு. 25 வயதில் சிராய்ப்போடு போகும் விழுகை, 60 வயதில் இடுப்பெலும்பை உடைக்கும்.

விலா எலும்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் இரண்டு மூன்று விலா உடைந்தால் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், இருமமாட்டார்கள். சளி தேங்கி நிமோனியா வருவது அப்படித்தான். வலி மாத்திரையைப் பொறுத்துப் பார்த்துத் தவிர்ப்பது இங்கே வீரமல்ல. வலியை அடக்கினால்தான் ஆழ மூச்சு விட முடியும். ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு, பிறகு இருமல்.

முதியவர்கள் பலர் ஓடும்போது விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் நிற்கும்போதும்தான் விழுகிறார்கள். குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிள், உட்கார்ந்தபடியே இரண்டு முன்பாதங்களும் தரையைத் தொடும் இருக்கை உயரம், இவை இரண்டும் அவர்களுக்குப் பெரிதும் பயன்படும். கால் முழுதாக நீளாததால் மிதிப்பது கொஞ்சம் கடினமாகும். பரவாயில்லை.

தலை தரையில் பட்டது, ஹெல்மெட்டில் கீறல். என் கணவருக்கு 68 வயது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். "ஒன்றுமில்லை" என்கிறார். ஸ்கேன் தேவையா?

இன்றே அழைத்துப் போங்கள். வார்ஃபாரின், அபிக்சபான் போன்ற மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், வெளியே அடையாளம் இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்த்து சி.டி. ஸ்கேனை முடிவுசெய்ய வேண்டும். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி, மண்டையோட்டுக்கும் அதற்கும் இடையே இடம் கிடைக்கிறது. அங்கே கசியும் ரத்தம் மெதுவாகச் சேரும். அறிகுறி தெரிய நாட்களாகலாம், வாரங்களும் ஆகலாம். மாத்திரைப் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எந்த வயதினருக்கும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள் இவை: நினைவு தப்பியது, ஒரு முறைக்கு மேல் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, ஒரு பக்கம் பலவீனம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர், காதுக்குப் பின்னால் அல்லது கண்ணைச் சுற்றி நீலம் பாய்வது.

கழுத்தையும் மறக்க வேண்டாம். கழுத்து எலும்புக்குப் படம் எடுப்பதா என்று தீர்மானிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கனடிய விதியில் 65 வயது ஒரு காரணம், சைக்கிள் மோதல் இன்னொரு காரணம். விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றாலோ நினைவின்றிக் கிடந்தாலோ, மூச்சுக்குத் தடையில்லாத வரை ஹெல்மெட்டைக் கழற்ற முயலாதீர்கள்.

கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. பத்து நாளாகியும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது.

மறுபடி காட்டுங்கள். கட்டைவிரலை அகல நீட்டினால் அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதென்றால் படகு வடிவச் சிறு எலும்பான ஸ்கேபாய்டு உடைந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது சகஜம். 10 முதல் 14 நாள் கழித்து எடுக்கும் படத்தில் கோடு தெரியலாம், எம்.ஆர்.ஐ. முன்பே காட்டிவிடும். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்று, எலும்பு சேராமலே போகலாம். அதனால்தான் சந்தேகம் இருக்கும்போதே கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டுப் போடுகிறார்கள். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இங்கே தீங்குதான் செய்யும்.

ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியது. சின்ன வட்டத் தழும்பு மட்டும்தான்.

அந்தச் சின்ன வட்டத்தை நம்பாதீர்கள். விழுகையின் விசை முழுவதும் ஒரு காசளவு இடத்தில் இறங்கியிருக்கிறது. உள்ளே மண்ணீரல், கல்லீரல், கணையம், சிறுகுடல் ஏதாவது கிழிந்திருக்கலாம். குடல், கணையக் காயங்கள் முதல் சில மணி நேரம் அமைதியாகவே இருக்கலாம். வலி கூடினால், இடது தோள்பட்டைக்குப் பரவினால், வாந்தி, மயக்கம், வெளிறல் வந்தால் உடனே போங்கள். முனையில் மூடி கழன்ற ஹேண்டில்பாரை மூடி போடாமல் ஓட்டவே கூடாது.

தார்ச் சாலையில் தேய்த்த சிராய்ப்புக்கு என்ன செய்வது?

ஓடும் குடிநீரில் பத்து நிமிடமாவது கழுவுங்கள். உள்ளே ஒட்டிய மண், தார்த் துகளை அன்றே எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அதன்மேல் தோல் மூடி, பச்சை குத்தியதுபோல் நீலக் கறை நிலைத்துவிடும். வலியால் தேய்க்க முடியாவிட்டால் மருத்துவமனையில் மரத்துப்போகும் மருந்து தடவிச் சுத்தம் செய்வார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, டிங்சர் ஊற்ற வேண்டாம். அவை புதுத் தோலையும் எரிக்கும். காயவிடாமல், ஒட்டாத ஈரக்கட்டுப் போட்டால் சீக்கிரம் ஆறும். டெட்டனஸ் தடுப்பூசிகளை முறையாக முடித்தவர்கூட, அழுக்குப் பட்ட காயமென்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் ஆகிவிட்டால் மறு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு அந்தக் கணக்கு 10 ஆண்டுகள்.

ஹெல்மெட் உண்மையில் எவ்வளவு காப்பாற்றும்?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒலிவியர், கிரைட்டன் வெளியிட்ட கணக்கில், ஹெல்மெட் அணிந்தவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 சதவீதமும், முகக்காய வாய்ப்பு 33 சதவீதமும் குறைவு. காறை எலும்பையும் மணிக்கட்டையும் அது காக்காது.

அமெரிக்கத் தரச் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின்மேல் 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர்தான். "நான் 30-ல் போகிறேனே, பயனில்லையா?" என்று கேட்கிறார்கள். விழும்போது தலை தரையை நோக்கி வரும் வேகம் உங்கள் உயரத்தைப் பொறுத்தது, ஓட்டும் வேகத்தைப் பொறுத்ததல்ல. வண்டியிலோ கம்பத்திலோ நேராக மோதினால் கதை வேறு. உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது. ஆகவே தலை தரையில் பட்டபோது கீறல் விழுந்த ஹெல்மெட்டை இனிப் போடாதீர்கள்.

புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் விளிம்பு, காதுக்குக் கீழே வார்கள் 'வி' போலச் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். நெற்றி தெரியும்படி பின்னுக்குத் தள்ளிப் போட்ட ஹெல்மெட் நெற்றியைக் காக்காது.

மின்சைக்கிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். காயம் அதிகமா?

அமெரிக்க மதிப்பீட்டில் மின்சைக்கிள் காயங்கள் 2017-ல் 751, 2022-ல் 23,493. விற்பனை பெருகியதும், மருத்துவமனைகள் தனியாகப் பதிவுசெய்யத் தொடங்கியதும் இதில் கலந்திருக்கின்றன. இதைவிட உங்களுக்கு உதவும் கணக்கு நிற்கும் தூரம்தான். ஒரு நொடியில் சுதாரித்துச் சுமாரான பிரேக் பிடித்தால், மணிக்கு 15 கிலோமீட்டரில் 6 மீட்டரில் நிற்பீர்கள். 25-ல் 13 மீட்டர் ஆகும். மோதலின் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வண்டியின் எடையும் 20 கிலோவைத் தாண்டும். நிற்கும்போது சாய்ந்தால் காலால் தாங்குவது கடினம்.

முதல் இரண்டு வாரம் மோட்டார் உதவியைக் கீழ்நிலையில் வைத்து, வண்டியில்லாத இடத்தில் திருப்பமும் பிரேக்கும் பழகுங்கள். முன் பிரேக்தான் அதிகம் நிறுத்தும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கையை விறைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துங்கள். ஈரச் சாலையிலும் சரளையிலும் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். டிராம் தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். ஹேண்டில்பாரில் பை தொங்கவிடாதீர்கள். அது முன்சக்கரக் கம்பிகளுக்குள் போனால் சக்கரம் நின்று, ஆள் தலைக்குப்புற முன்னால் போய் விழுவார்.