குழந்தையின் விவரம் வந்துவிட்டது, அடுத்து என்ன?

வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் இந்தியாவிலிருந்து தத்தெடுப்பது பற்றிய வாசகர் கேள்விகள். பதில்: தத்தெடுப்பு ஆலோசனைக் குழு

நேற்று இரவு எங்கள் ஏஜென்சியிடமிருந்து மெயில் வந்தது. ஒரு வயதுப் பெண் குழந்தை. எடை 7.2 கிலோ, தலைச் சுற்றளவு 42.5 செ.மீ., பிறந்தபோது 1.9 கிலோ. 96 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சந்தோஷத்தில் தூக்கமே இல்லை, பயமாகவும் இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?
— வாசகி, நியூ ஜெர்சி

வாழ்த்துகள், சகோதரி. அந்த 96 மணி நேரம் குழந்தையை உங்கள் பெயரில் ரிசர்வ் செய்வதற்கு மட்டும்தான். ரிசர்வ் செய்த பிறகு, குழந்தை பற்றிய அறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் கையெழுத்திட்டு ஏற்க 30 நாள் இருக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் மெயிலைத் திறந்தபோது அல்ல, இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பான காராவின் (CARA) கேரிங்ஸ் இணையதளத்தில் விவரம் ஏறியபோது. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். ஆகவே கடைசி மணி நேரத்தை இன்றைக்கே இந்திய நேரத்தில் குறித்து வையுங்கள். '30 நாளில் யோசித்துக்கொள்ளலாம்' என்று சும்மா ரிசர்வ் செய்துவிடாதீர்கள். அத்தனை நாளும் அந்தக் குழந்தையை வேறு குடும்பத்துக்குக் காட்ட மாட்டார்கள். ஏற்காமல் விட்டால் உங்கள் வரிசையும் கடைசிக்குப் போய்விடும்.

இனி எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடப்படி, 12 மாதப் பெண் குழந்தையின் சராசரித் தலைச் சுற்றளவு சுமார் 45 செ.மீ., கவலைக்குரிய கீழ்க்கோடு 42.2. உங்கள் குழந்தை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறாள். எடையும் அப்படித்தான்: கீழ்க்கோடு 7.0. இந்த ஒரு அளவை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் நல்லது கெட்டது சொல்ல முடியாது. பிறந்தபோது, ஆறு மாதத்தில், இப்போது என்று மூன்று அளவாவது கேட்டு வாங்குங்கள். கோடு தாழ்ந்திருந்தாலும் வரைபடத்துக்கு இணையாக ஏறினால் ஆறுதல். போகப் போகக் கீழே சரிந்தால் காரணம் தேட வேண்டும். குறைமாதப் பிரசவமா என்றும் கேளுங்கள். அப்படியானால் இரண்டு வயது வரை, எத்தனை வாரம் முன்கூட்டிப் பிறந்தாளோ அத்தனையையும் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். கழித்துப் பார்த்தால் இதே 42.5 இன்னும் தெம்பான இடத்தில் நிற்கும்.

அளந்த விதத்திலேயே பிழை வருவதும் சகஜம். டேப் முன்னால் புருவத்துக்கு மேலேயும் பின்னால் தலை மிகவும் புடைத்திருக்கும் இடத்திலும் போக வேண்டும். டேப்பைத் தளர விட்டாலோ சாய்த்துப் பிடித்தாலோ ஒரு செ.மீ. எளிதாக மாறிவிடும். இந்த வயதில் வரைபடத்தின் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளியே 1.3 செ.மீ.தான். எனவே மறுபடி அளக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்கான சோதனை), தைராய்டு முடிவுகளையும் அவை எடுத்த தேதிகளையும் பாருங்கள். எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் பரிசோதனை பாசிட்டிவ் என்று இருந்தால் உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் தங்கலாம். வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைதான் உண்மை நிலையைச் சொல்லும்.

கடைசியாக, இரண்டு மூன்று நிமிட வீடியோ கேளுங்கள். தானாக உட்காருகிறாளா, சின்னப் பொருளைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்து எடுக்கிறாளா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாளா என்பவை தெரிய வேண்டும். குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகளுக்குப் பேச்சும் நடையும் தாமதமாவது வழக்கம், பெரும்பாலும் வீட்டுக்கு வந்தபின் தேறிவிடும். ஆனால் சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் பெரா என்னும் செவித்திறன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அறிக்கையை உங்களுக்கு நம்பிக்கையான குழந்தை மருத்துவரிடம் காட்ட விதிகளே அனுமதிக்கின்றன.

எல்லாம் பார்த்தபின் 'எங்களால் இயலாது' என்று தோன்றினால் உடனே சொல்லிவிடுங்கள். அது பாவமில்லை. தயங்கித் தயங்கி நாளைக் கடத்துவதுதான் குழந்தையைப் பாதிக்கும்.

மதுரையில் மாமனார், மாமியார் பேத்தியின் படம் கேட்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?
— வாசகி, மெல்பர்ன்

கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, இத்தகைய குழந்தையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடியோ அழைப்பில் படத்தை எடுத்துக் காட்டுங்கள், ஃபார்வர்டு வேண்டாம். குழந்தை எப்படி இல்லத்துக்கு வந்தது என்பதைத் தாத்தா பாட்டியிடம்கூட இப்போது சொல்லாதீர்கள். அது அவளுடைய கதை. முதலில் கேட்கும் உரிமையும் அவளுக்குத்தான். ஒருமுறை சொந்தபந்தத்துக்குள் பரவினால் திரும்ப அள்ள முடியாது.

ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டோம். பையன் புனேயில் இருக்கிறான். டிக்கெட் போடலாமா?
— வாசகர், ஹூஸ்டன்

பொறுங்கள், ஐயா. அமெரிக்கக் குடிமக்களுக்கு வரிசை இதுதான்: குழந்தையை அமெரிக்காவுக்கு அழைத்துப்போகக் கொடுக்கும் ஐ-800 குடியேற்ற மனுவுக்குத் தற்காலிக ஒப்புதல், பிறகு நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைப்படி அமெரிக்கத் தூதரகம் தரும் 5-ஆம் பிரிவுக் கடிதம், அதன் பிறகு காராவின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று). ஏற்பும் அந்தக் கடிதமும் கிடைத்த 10 நாளில் காரா என்.ஓ.சி. தர வேண்டும். அது வந்தபின் உறுதிமொழி கொடுத்து, தத்து ஆணைக்கு முன்பே குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவுக்குள்தான் வைத்திருக்க வேண்டும். ஆணையை 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தருகிறார், கெடு இரண்டு மாதம். அதற்குமேல், தத்து ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று சொல்லும் 23-ஆம் பிரிவுச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா. ஐ-800 ஒப்புதலும் 5-ஆம் பிரிவுக் கடிதமும் வருமுன் தத்து ஆணை வாங்கினால் விசாவே சிக்கலாகிவிடும்.

நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல். ஹோம் ஸ்டடியில் (உங்கள் குடும்பத்தைப் பற்றிய ஆய்வறிக்கையில்) 'ஆர். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் ராமன்', திருமணச் சான்றில் 'ராமன் கார்த்திக்' என்று இருந்தால் ஆணையில் ஒன்று விழும், குழந்தையின் பாஸ்போர்ட்டில் இன்னொன்று. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போகுமுன் வரைவை வாங்கி, எல்லாப் பெயரையும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

எச்-1பி அல்லது கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐ-800 குடிமக்களுக்கு மட்டுமே. குழந்தை எந்த விசாவில் வருவது என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் ரிசர்வ் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்றபின் கேட்டால், குழந்தை ஒரு நாட்டிலும் நீங்கள் வேறு நாட்டிலும் மாட்டிக்கொள்ள நேரும்.

எங்களுக்கு வரப்போகும் மகனுக்கு நான்கு வயது. மராத்தி மட்டும்தான் தெரியும். போவதற்குமுன் என்ன செய்யலாம்?
— வாசகி, டொராண்டோ

சின்ன ஆல்பம் அனுப்புங்கள். பக்கத்துக்கு ஒருவராக அம்மா, அப்பா, பிறகு அவன் படுக்கப் போகும் அறை என்று எட்டு பத்துப் படம் போதும். கூட்டமாக எடுத்த கல்யாணப் படம் அவனுக்குப் புரியாது. தினமும் காட்டும்படி ஆயாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மராத்தியில் தண்ணீர் 'பாணி', சோறு 'பாத்', பசிக்கிறது 'பூக் லாக்லி', சிறுநீர் வந்தால் 'சூ': இவை நாக்கில் இருந்தால் முதல் வாரம் சமாளித்துவிடலாம். அவன் எழும் நேரம், சாப்பாடு, விளக்கு எரிய விட்டுத் தூங்குவானா, பக்கத்தில் யார் படுப்பார்கள் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் அதே நேரம், அதே உணவு. இட்லியும் தோசையும் மெதுவாக வரட்டும்.

வீடு வந்தபின் இரண்டு ஆண்டு கண்காணிப்பு உண்டு: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு அறிக்கை. பேச்சுத் தாமதமோ இரவு அழுகையோ இருந்தால் அவற்றில் மறைக்காமல் சொல்லுங்கள். உதவி அங்கிருந்துதான் கிடைக்கும்.