நாலரைக்கே இருட்டிவிடுகிறது, வீட்டில் நான் மட்டும்

மேடம், எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்தேன். கல்யாணமாகி, மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தேன். கணவர் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி) இருக்கிறார். காலை ஏழரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குத்தான் வருவார். அம்மாவோடு ஒரு நாளைக்கு நாலைந்து முறை பேசுகிறேன். போனை வைத்ததும் அழுகை வருகிறது. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. போன ஞாயிறு மிக்ஸியில் சட்னி அரைத்தேன். கீழ்வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டிவிட்டார். அதிலிருந்து படியிறங்கவே பயம். "வெளியே போய் நாலு பேரோட பழகு" என்கிறார் கணவர். யாரோடு மேடம்?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலை, சம்பளம், பேச்சுத்துணை, மொழி நான்கையும் ஒரே விமானப் பயணத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அழுகை வருவதில் ஆச்சரியமே இல்லை.

முதலில் அந்தச் சீட்டு. அங்கே இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். யார் மீறினாலும் சீட்டு வரும். உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாவு, சட்னி, பொடி எல்லாம் சனிக்கிழமை பகலில் அரைத்து வையுங்கள். கீழ்வீட்டுக் கதவைத் தட்டி "என்ட்ஷுல்டிகுங்" (மன்னியுங்கள்) என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும். ஸ்டுட்கார்ட் பக்கம் பல குடியிருப்புகளில் மாடிப்படி கூட்டும் முறை வாரம் ஒரு வீட்டுக்கு வரும். உங்கள் முறை வரும்போது "கேர்வோகெ" (கூட்டும் வாரம்) பலகை உங்கள் கதவில் தொங்கும். அந்த வாரம் படியைக் கூட்டிக்கொண்டே எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். அங்கே முகம் பழகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்து போன். குளிர்காலத்தில் ஊர் நேரம் நாலரை மணி முன்னால் ஓடுகிறது. உங்களுக்கு மாலை ஆறு என்றால் அம்மாவுக்கு இரவு பத்தரை, தூங்கப் போயிருப்பார். பகல் முழுக்கப் பேசிவிட்டு, இருட்டும் நேரத்தில் ஆளில்லாமல் நிற்கிறீர்கள். அழுகைக்கு இதுவும் ஒரு காரணம். பேச்சை மதியம் ஒரே தடவையாக வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிவாக்கில் அரை மணி நேரம் கட்டாயம் நடங்கள், மேகமாக இருந்தாலும் சரி. மூடிய வானத்தின் வெளிச்சமே வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். உடம்பின் தூக்க நேரம் அதை வைத்துத்தான் சீராகும்.

யாரோடு பழகுவது என்று கேட்டீர்கள். தினமும் பார்க்கிற ஆட்களோடுதான் பழக முடியும். அங்கே குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்புப் படிப்பு இருக்கிறது. அதில் 600 மணி நேரம் ஜெர்மன் மொழி, 100 மணி நேரம் நாட்டு நடப்பு. பி1 நிலை, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் அளவு வரை கொண்டுபோவார்கள். உங்களைப் போலவே புதிதாக வந்தவர்களோடு மாதக்கணக்கில் உட்காரலாம். மொபைல் ஆப்பில் படித்தால் இது கிடைக்காது. ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெ என்ற முதியோர் கல்வி மையத்துக்கு (பெரியவர்கள் படிக்கும் இடம்) போய், குடியிருப்பு அனுமதி அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அட்டையில் வேலைக்கு அனுமதி என்று இருக்கும். பி1 கைக்கு வந்தால் உங்கள் கணக்கு வேலை அனுபவமும் உதவும்.

கணவரிடம் "என்னைப் புரிஞ்சுக்கலை" என்று தொடங்கினால், கூட்டி வந்ததையே குற்றம் சொல்வதாக அவருக்குக் கேட்கும். "திங்கக்கிழமை காலையில லீவு போட்டுட்டு, படிப்புல பேர் பதிய என்கூட வாங்க" என்று ஒரே ஒரு வேலையாகக் கேளுங்கள்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகச் சரியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் குடும்ப மருத்துவரிடம் போங்கள். மனநலச் சிகிச்சையாளரின் முதல் சந்திப்புக்கு 116117 என்ற எண்ணில் நேரம் வாங்கித் தருவார்கள். அரசுக் காப்பீடு செலவை ஏற்கும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். கணவரை எழுப்புங்கள், அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.