கேள்வி-பதில்: பயண அனுமதிக்கு அரசு கேட்பது எவ்வளவு, இணையதளம் வாங்குவது எவ்வளவு?

நம் மாவட்டத்தில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஐந்துக்கும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலுக்கு நேர்ச்சை. உறவினர் ஆறு பேர் போகிறோம். இலங்கைக்கு மின்னணுப் பயண அனுமதி வேண்டும் என்பதால் மகன் கைப்பேசியில் தேடி, முதலில் வந்த தளத்தில் எல்லாவற்றையும் நிரப்பினான். ஆளுக்கு 89 டாலர் வீதம் என் கிரெடிட் கார்டிலிருந்து போய்விட்டது. ஓடிபி கூட வரவில்லை. அது அரசுத் தளமே இல்லை என்று பங்குக் கோயிலில் ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா? பயணம் தடைபடுமா? (குளச்சல் வாசகர்)

பதில்: இவர் கடிதம் எழுதியதோடு நிற்காமல், மகனையும் கைப்பேசியையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அதே தளத்தை மறுபடி திறந்து, மூவருமாகப் பார்த்தோம். தேடலில் முதலில் வந்த முடிவின் தலையில் ‘ஸ்பான்சர்டு’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. காசு கொடுத்து முதலிடத்தில் வைக்கப்பட்ட விளம்பரம் அது. உள்ளே போனால் இலங்கைக் கொடியின் நிறங்கள், கடற்கரைப் படம், மேலே அரசு முத்திரை போன்ற ஒரு வட்டம். ஒரு மூலையில் கடிகாரம் 15 நிமிடத்திலிருந்து கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போன பிறகு, வெள்ளையில் வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ‘நாங்கள் எந்த அரசையும் சேர்ந்தவர்கள் அல்ல, எங்கள் கட்டணத்தில் சேவைத்தொகையும் அடங்கும்.’ மகன் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். முதல் நாள் அது அவர் கண்ணிலேயே படவில்லை. படக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நிறத்தில் எழுதுகிறார்கள்.

இந்த ஒரு வரிதான் அவர்களுக்குக் கவசம். அரசு என்று அவர்கள் சொல்லவில்லை. சொன்னதுபோல் தோன்ற வைத்தார்கள். நீங்கள் நிரப்பியதை அரசுத் தளத்தில் மறுபடி தட்டச்சு செய்வதுதான் அவர்களுடைய மொத்த வேலை. அதற்குத்தான் இவ்வளவு பணம்.

முதலில் பயணத்தைக் காப்பாற்றுங்கள். இன்னொரு விண்ணப்பம் போட அவசரப்பட வேண்டாம். இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் அனுமதியின் நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆறு பேருக்கும் அனுமதி வந்திருக்கிறதா என்று அங்கே பாருங்கள். வந்திருந்தால் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இடையில் இருப்பவர் தட்டச்சில் பிழை செய்தாலும் குடிவரவு மேசையில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். நம் பக்கத்தில் தந்தை பெயர் முன்னே நிற்கும், ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்ளும், முதலெழுத்து பாஸ்போர்ட்டில் விரிந்து கிடக்கும். பிழை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

அனுமதி இன்னும் வரவில்லை என்றால் அந்தத் தளத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘விண்ணப்பத்தை அரசுக்கு அனுப்பாதீர்கள், ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.’ அரசுக்கு அனுப்பும் முன் ரத்து கேட்டால் பணம் தருவதாகப் பல தளங்கள் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அந்த விதிப் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

அடுத்தது வங்கி. ‘எனக்குத் தெரியாமல் பணம் எடுத்துவிட்டார்கள்’ என்று எழுதாதீர்கள். கார்டு எண்ணைத் தட்டியது உங்கள் மகன். பொய்யாக ஒரு வார்த்தை எழுதினாலும் மொத்தப் புகாரும் விழுந்துவிடும். ‘அரசுத் தளம் என்று நம்பவைத்து, அரசுக் கட்டணத்தைத் தனியாகக் காட்டாமல் பணம் பெற்றார்கள், ரத்து கேட்டும் தரவில்லை’ என்று நடந்ததை அப்படியே எழுதி, சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது வணிகரிடமிருந்து வங்கியே பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவது. கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது. ஓடிபி வராததற்குக் காரணம், வெளிநாட்டு வணிகர்கள் பலர் அது இல்லாமலே கார்டில் பணம் எடுக்க முடியும் என்பதுதான். வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்தி வைக்கும் பொத்தான் இருக்கும். ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2020 முதல் எல்லா வங்கிகளும் தரவேண்டிய வசதி அது. இன்றைக்கே அணைத்து வையுங்கள். அந்தத் தளத்திடம் உங்கள் கார்டு எண் இன்னும் இருக்கிறது.

பணத்தை வாங்கியது இந்திய நிறுவனமா என்றும் பாருங்கள். ரசீதில் ஜிஎஸ்டி எண் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்த ஓடும் கடிகாரத்தையும் புகாரில் எழுதுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், பொய்யான அவசரத்தை உண்டாக்குவது தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. நிறுவனம் ஏதோ ஒரு தூர நாட்டில், முகவரியே இல்லாமல் இருந்தால் ஆணையத்தில் நோட்டீஸ் சேர்ப்பதே பெரும்பாடு. அப்போது வங்கி வழியோடு நில்லுங்கள். அனுமதியே வாங்கித் தராமல் ஏமாற்றியிருந்தால் அது வேறு கதை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.

இலங்கை விஷயத்தில் குழப்பம் கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஏப்ரலில் அந்நாடு விசா வேலையைத் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தது. ஆகஸ்டில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பழைய முறை திரும்ப வந்தது. இடையில் எழுதப்பட்ட பழைய தகவல்கள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன. கட்டணமும் அப்படித்தான், சில காலம் இந்தியருக்கு விலக்கே இருந்தது. ஆகவே விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. முகவரி இது: ஆங்கில எழுத்தில் இ, டி, ஏ, புள்ளி, ஜி, ஓ, வி, புள்ளி, எல், கே. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

முகவரியை வலப்பக்கக் கடைசியிலிருந்து வாசித்துப் பழகுங்கள். ஜிஓவி என்பது கடைசிக்கு அருகில், இருபுறமும் புள்ளியோடு நிற்க வேண்டும். நடுவில் எங்கோ, சிறு கோடு போட்டு ஒட்டவைத்து, கடைசியில் ‘காம்’ என்றோ ‘ஆர்க்’ என்றோ முடிந்தால் அது அரசு இல்லை. எல்லா நாடும் ஜிஓவி என்று வைப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். தாய்லாந்தும் கென்யாவும் ‘ஜிஓ’ என்று மட்டும் வைக்கின்றன. கனடா அரசின் தளம் ‘கனடா’ என்ற பெயருக்குப் பின் ‘சிஏ’ என்று முடிகிறது.

கேள்வி: என் மகள் குடும்பம் லண்டனில் இருக்கிறது. பேரக்குழந்தைகள் இருவரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருகிறார்கள். இந்தியாவுக்கு இ-விசா எடுக்க எத்தனையோ தளங்கள் வருகின்றன, எது உண்மையானது? திருவனந்தபுரத்தில் இறங்கினால் செல்லுமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: செல்லும் அம்மா. இந்தியா இந்த ஏற்பாட்டை 2014 நவம்பர் 27 அன்று தொடங்கியபோது அனுமதித்த ஒன்பது விமான நிலையங்களிலேயே திருவனந்தபுரமும் ஒன்று.

உண்மையான தளம் ஒன்றே ஒன்றுதான். ‘இந்தியன்விசாஆன்லைன்’ என்று இடைவெளி இல்லாத ஒரே சொல், பிறகு ஜிஓவி, பிறகு ஐஎன். பார்ப்பதற்குப் பழைய காலத்துத் தளம்போல இருக்கும். நெருக்கமான எழுத்து, நீண்ட படிவம். பக்கத்திலேயே பளபளப்பான தனியார் தளம் நிற்கும்போது, இதுதான் போலி என்று நம் மனம் சொல்லும். உங்கள் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிரப்பும்போது பாதியில் நின்றால் பயப்பட வேண்டாம். தற்காலிக எண் ஒன்று தருவார்கள், அதை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குழந்தைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம். புகைப்படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், 10 கேபி முதல் 1 எம்பி வரை இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பக்கம் பிடிஎஃப் ஆக, 300 கேபிக்குள். இந்த அளவுச் சண்டையில் அலுத்துப்போய்த்தான் பலர் தனியார் தளத்துக்கு ஓடுகிறார்கள்.

வருவதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் 30 நாள் விசாவுக்கு வரும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் முடியும். ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களுக்கு 120 நாள் முன்பே போடலாம். டிசம்பர் 3 தேர்த் திருவிழாவுக்கு முன்பே வந்துசேர, அக்டோபரிலேயே ஓராண்டு விசாவைப் போட்டுவிடச் சொல்லுங்கள். கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், அட்டவணை அதே தளத்தில் இருக்கிறது. நிலை ‘கிராண்டட்’ என்று வந்ததும் ஒரு பிரதி எடுத்துக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. ஆண்டுதோறும் வருகிறவர்கள் என்றால் அதற்கு விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்கு இ-வருகை அட்டை என்று, வரும்முன் இணையத்தில் நிரப்பும் படிவம் ஒன்று வந்திருக்கிறது. அது விசா அல்ல, அதற்குப் பணமும் கிடையாது. அதையும் விலைபோட்டு விற்பார்கள், கவனம்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் இங்கிலாந்து போகிறோம். இருவருக்கும் ‘யூகே இடிஏ’ எடுத்துத் தருவதாக ஒரு தளம் சொல்கிறது. விசாவைவிட எளிது என்கிறார்கள். எடுக்கலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: எடுக்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது. பிரிட்டனின் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி, விசா இல்லாமலே அங்கு போகக்கூடிய நாட்டவர்களுக்கானது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டவருக்கு 2025 ஜனவரி 8 முதலும், ஐரோப்பியருக்கு ஏப்ரல் 2 முதலும் கட்டாயமானது. உங்கள் இருவருக்கும் வருகையாளர் விசாதான் வேண்டும். விரல் ரேகை கொடுத்து எடுப்பது. பணத்தைக் கட்டி, ஏதோ ஒரு காகிதத்தோடு விமான நிலையம் போனால், விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். பிரசவத் தேதியை யாரால் தள்ளிவைக்க முடியும்?

எந்தத் தளத்துக்கும் போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: என் பாஸ்போர்ட்டுக்கு இந்தத் தாள் வேண்டுமா? கனடாவின் இடிஏவும், அமெரிக்காவின் ‘எஸ்டா’வும், ஆஸ்திரேலியாவின் இடிஏவும் இதே வகை. நம்மில் பெரும்பாலோருக்கு அவை பொருந்தாது. உங்கள் உறவில் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் உள்ளவர் யாராவது லண்டன் போனால் அவருக்கு பிரிட்டனின் இடிஏ தேவைப்படும். 2025 ஏப்ரல் 9 அன்று அதன் கட்டணம் 10 பவுண்டிலிருந்து 16 பவுண்டாக உயர்ந்தது. இரண்டு ஆண்டு செல்லும். இதற்கு 100 பவுண்டுக்குப் பக்கத்தில் யாராவது கேட்டால், மிச்சம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்கிறார்கள். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டைக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தோம். சரியா? (தக்கலை வாசகர்)

பதில்: சரியில்லை. அந்த அட்டை இலவசம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள், மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே நிரப்பலாம். பத்து நிமிட வேலை. சிங்கப்பூரின் வருகை அட்டை, தாய்லாந்து 2025 மே 1 முதல் கேட்கும் அட்டை இரண்டும் இலவசமே. மாலத்தீவின் பயணி அறிவிப்பும் அப்படியே. கொடுத்த பணத்தைக் கேளுங்கள், ரசீதைக் கேட்டாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

கேள்வி: நான் கணினி மையம் நடத்துகிறேன். பாஸ்போர்ட், விசா படிவம் நிரப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகிறேன். இடைத்தரகர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதுபோல் எழுதுகிறீர்கள். எங்கள் பிழைப்பு என்னாவது? (களியக்காவிளை வாசகர்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. கண் மங்கிய பெரியவருக்கும், ஆங்கிலப் படிவத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும் அம்மாவுக்கும் நீங்கள் செய்வது உதவி. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தவறே இல்லை. சிங்கப்பூர் விசா போன்ற சிலவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான் இங்கிருந்து விண்ணப்பிக்க முடியும். நான் குற்றம் சொல்வது அரசு வேடம் போட்டுக் கூலியை மறைப்பவரை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இவைதான். அரசுத் தளத்தைத் தவிர வேறெதிலும் தட்டச்சு செய்யாதீர்கள். அவசரத்தில் உங்கள் கையும் விளம்பரத்தில் பட்டுவிடும், அதனால் முகவரிகளை உலாவியில் சேமித்து வையுங்கள். மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் வாடிக்கையாளருடையதாகவே இருக்கட்டும். உங்கள் மின்னஞ்சலைப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கடை திறக்காத நேரத்தில் அனுமதி வந்து கிடக்கும். அவர் விமான நிலையத்தில் நிற்பார். வேலை முடிந்ததும் பாஸ்போர்ட் நகலை அவர் கண்முன்னே கணினியிலிருந்து அழித்துவிடுங்கள்.

ரசீதில் அரசுக் கட்டணம் ஒரு வரி, உங்கள் கூலி ஒரு வரி என்று பிரித்து எழுதுங்கள். கடை வாசலிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: ‘மலேசிய வருகை அட்டை: அரசுக் கட்டணம் இல்லை. தட்டச்சுக் கூலி இவ்வளவு.’ ஒட்டிய பிறகு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். இதே பகுதியில் மகிழ்ச்சியோடு வெளியிடுகிறேன்.