நடைக்குப் பரிசு கொரியச் சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

நானும் கணவரும் வாரத்தில் ஐந்து நாள் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறோம். ஒரு மாதம் விடாமல் நடந்தால் கொரியன் ரெஸ்டாரன்ட் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்று பேருக்கு என்ன ஆர்டர் செய்தால் நடந்தது வீணாகாது?
– வாசகி, அடையாறு

70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் சுமார் 250 முதல் 300 கலோரி செலவாகும். சம்கியோப்சல் என்ற பன்றி வயிற்றுக்கறியிலோ பச்சையாக 100 கிராமுக்கே 500 கலோரி இருக்கிறது. இன்று நடந்ததை இன்றே சாப்பிட்டுத் தீர்க்கப் பார்த்தால் கட்டுப்படியாகாது. இருபது நடைக்கு ஒரு சாப்பாடு என்று நீங்கள் வைத்திருப்பது தாராளமாகத் தாங்கும்.

மேசையில் சுடும் கறி இரண்டு பங்கு வாங்குங்கள். பல கடைகளில் அதற்குக் குறைந்து தர மாட்டார்கள். பன்றி வேண்டாம் என்றால் டாக்கால்பி என்ற கோழி இருக்கிறது. புல்கோகி பெரும்பாலும் மாட்டிறைச்சி, கேட்டு வாங்குங்கள். கூடவே காயும் கறியும் மேலே வைத்த சோறான பிபிம்பாப் ஒன்று, டோஃபு போட்ட குழம்பான சுண்டுபு ஜிகே ஒன்று. தனிச் சோறு ஒரு கிண்ணம் போதும்.

முதலில் வந்து இறங்கும் குட்டித் தட்டுகளுக்குப் பான்சான் என்று பெயர். கல்யாணப் பந்தியில் பொரியல் கேட்பதுபோல மறுபடி கேட்கலாம். பொதுவாகத் தனிக் காசு கிடையாது. கீரையும் முளைப்பயறும் வந்தால் அவற்றை இரண்டாம் முறை கேளுங்கள்.

ஏமாற்றுவது தொக்பொக்கிதான். அரிசி மாவை வேகவைத்து, விரல் தடிமனுக்கு உருட்டி, இனிப்புச் சேர்த்த மிளகாய் விழுதில் கொதிக்கவிட்டது அது. 'சைடு டிஷ்தானே' என்று சொல்லி பிபிம்பாப்போடு சேர்த்தால் இரண்டு சாப்பாடு ஆகிவிடும். மகள் அடம்பிடித்தால் பிபிம்பாப்பை விட்டுவிடுங்கள்.

பிபிம்பாப்புக்கான கோச்சுஜாங் விழுதைத் தனியாகக் கேட்டு, அரை மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். அதில் காரத்தோடு இனிப்பும் உப்பும் ஒளிந்திருக்கின்றன. கல்சட்டியில் வந்தால் உடனே அடிவரை கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டால் அடிச்சோறு பொன்னிறமாகப் பிடிக்கும். அந்தக் காந்தலுக்குத்தான் வீட்டில் போட்டி வரும்.

விருந்து இருக்கிறதே என்று காலை இட்லியைத் தள்ளாதீர்கள். காய்ந்த வயிற்றோடு மெனுவைப் பார்ப்பவர் நான்கு பேர் சாப்பாட்டை ஆர்டர் செய்வார்.

மேசையில் நாமே சுடும்போது கறி வெளியே கருகி, உள்ளே வேகாமல் போகிறது. ஏன்?
– வாசகர், அண்ணா நகர்

மசாலாக் கறியை முதலில் போட்டிருப்பீர்கள். புல்கோகி, கால்பி (விலாக்கறி) ஊறும் கலவையில் சோயா சாஸோடு சர்க்கரையோ பேரிக்காய்ச் சாறோ இருக்கும். கறி வேகுமுன் அந்த இனிப்பு தீய்ந்துவிடும். மசாலா போடாத கறியை முதலில் சுடுங்கள். தட்டு நன்றாகக் காய்ந்தபின் துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். மேல்பக்கம் ஈரம் துளிர்க்கும்போது திருப்பி, இரண்டு பக்கமும் சிவந்தபின் கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டிய பக்கங்களையும் காட்டுங்கள். பன்றியில் ரோஸ் நிறம் மிச்சமிருக்கக் கூடாது. அடுத்து மசாலாக் கறிக்கு வரும்போது தட்டை மாற்றச் சொல்லி, தீயைக் குறையுங்கள்.

லெட்யூஸ் இலையில் ஒரு துண்டுக் கறி, நுனிவிரல் அளவு சாம்ஜாங் என்ற சோயா விழுது, ஒரு பூண்டுச் சில்லு. வெற்றிலை மாதிரி மடித்து முழுதாக வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டையில்தான்.

நாங்கள் சைவம். கொரியன் சீரியல் பார்த்து மகள் கிம்ச்சி கேட்கிறாள். என்ன வாங்கித் தரலாம்?
– வாசகி, மயிலாப்பூர்

'வெஜ்தானே?' என்று மட்டும் கேட்காதீர்கள். கறித்துண்டு இல்லை என்ற பொருளில் 'ஆமாம்' வந்துவிடும். காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியில் வழக்கமாக மீன் சாஸோ உப்பில் ஊறிய இறாலோ சேரும். ஜிகே, தொக்பொக்கி இரண்டுக்கும் அடித்தண்ணீர் பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டில் கொதித்தது. தொக்பொக்கியில் மீன் கேக்கும் கிடக்கும். மீன் சாஸ், இறால், நெத்திலி, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சென்னையின் பழைய கொரியக் கடைகள் பல, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதை ஒட்டி வந்த கொரியர்களின் நாக்குக்காக வந்தவை. நம் சைவம் அங்கே எல்லாருக்கும் புரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

கறியும் முட்டையும் இல்லாத பிபிம்பாப், கறி போடாத ஜாப்சே என்ற கண்ணாடி நூடுல்ஸ், எண்ணெயில் வாட்டிய டோஃபு ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். கொரியப் பௌத்த மடங்களில் மீனும் பூண்டும் வெங்காயமும் இல்லாமலே கிம்ச்சி போடுகிறார்கள். அதே முறையில் முட்டைக்கோஸ், முள்ளங்கி, இஞ்சி, மிளகாய்த்தூள், உப்பு வைத்து வீட்டிலும் போடலாம். சென்னை வெயிலில் ஒரே நாளில் புளிக்கத் தொடங்கும்; உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜிம் முடித்து நேராக கொரியன் ரெஸ்டாரன்டுக்குப் போகலாமா?
– வாசகர், பெரம்பூர்

ஆர்டர் வந்து, கறி சுட்டு, முதல் வாய் வைக்க அரை மணி நேரம் ஆகலாம். உடற்பயிற்சியும் மாத்திரையும் சேர்ந்து அதற்குள் சர்க்கரையை இறக்கிவிடக்கூடும். கிளம்புமுன் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாமா, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை பாருங்கள். சாப்பிடும்போது காய், கறி முதலில், சோறு கடைசியில். சோஜு என்ற கொரிய மது வேண்டாம், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் இறக்கும்.

கொரியச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலை எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. ஒரு மாத நடையும் போச்சா?
– வாசகர், வேளச்சேரி

ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரே வேளையில் முடியாது. வந்தது தண்ணீர். ஒரு கிண்ணம் கிம்ச்சி ஜிகேயின் உப்பே ஒரு நாளைக்கான 5 கிராமை நெருங்கிவிடலாம். உடம்பு அதற்கேற்பத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்றின் மாவுச்சத்து தசையில் சேரும்போதும் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேரும். வழக்கம்போல நடந்துவிட்டு, மூன்று நாள் கழித்து எடை பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் மட்டும் ஜிகேயில் டோஃபுவையும் காயையும் எடுத்துக்கொண்டு, குழம்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடவும்.