கடல் ஒப்புக்கொடுக்க வேண்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. நாகர்கோவிலில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். 2017 ஒக்கி புயலில் என் தம்பி போய்விட்டான். சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் இருந்தான். உடல் கிடைக்கவில்லை. போன மாதம் சொந்தக்காரர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், கண்ணீரும் மரணமும் இனி இல்லை என்று சொல்கிற 21-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, "இப்படி ஒரு வாக்குத்தத்தம் இருக்கும்போது விசுவாசி அழலாமா?" என்று அம்மாவைப் பார்த்தே கேட்டார். அம்மா அங்கே வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டாள்: "கடலே இருக்காதுன்னு வாசிச்சாரே மக்களே, அப்போ அதுக்குள்ள கிடக்குற என் பிள்ளை எங்க போவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மோட்ச நம்பிக்கையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் சத்தம் போடாமல் இருப்பதற்காகச் சொல்லிவைத்ததுதானோ என்றுகூடத் தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கூட்டத்தில் வேதத்தை உண்மையாகக் கவனித்துக் கேட்டவர் அவர்தான்.

பிரசங்கியார் ஒரு பக்கம் முன்னால் திருப்பியிருந்தால் பதில் அங்கேயே இருந்தது. 20-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம்: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." கடல் இல்லாமற்போவது அதற்குப் பிறகுதான், 21-இன் முதல் வசனத்தில். வரிசையைப் பாருங்கள். தன்னிடம் இருப்பவர்களைத் திருப்பிக் கொடுத்துக் கணக்குத் தீர்க்காமல் கடல் போக முடியாது. மரணமும் பாதாளமும் தங்களிடம் இருப்பவர்களைக் கொடுப்பதையும் அந்த வசனம் சொல்கிறது, ஆனால் கடலுக்குப் பிறகே சொல்கிறது. கல்லறை இல்லாதவர்கள் முதலில் வருகிறார்கள். அது நியாயத்தீர்ப்பின் காட்சி, யாரையும் தேற்றுவதற்காக எழுதிய இடம் கிடையாது. அதனாலேயே எனக்கு அதன்மேல் கூடுதல் பிடிப்பு. உங்கள் தம்பி எங்கே என்று தெரியாமல் போனது நமக்குத்தான், கடவுளுக்கு இல்லை என்று அது சாட்சி சொல்கிறது.

அப்புறம், கடல் ஏன் இல்லாமல் போக வேண்டும்? அதை எழுதிய யோவான் பத்மு தீவில் இருந்தவர். அவருடைய சபைகளெல்லாம் எபேசு, சிமிர்னா என்று தண்ணீருக்கு அந்தப் பக்கம். 13-ஆம் அதிகாரத்தில் மிருகம் எழும்பி வருவதும் கடலிலிருந்துதான். ஆளை ஆளிடமிருந்து பிரிக்கிற, விழுங்கிவிட்டுத் திருப்பித் தராத ஒன்றாகத்தான் அந்தப் புத்தகத்தில் கடல் பெரும்பாலும் வருகிறது. முடிந்துபோவது அந்தப் பிரிவு என்றே நான் வாசிக்கிறேன். உங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட கடலை யோவான் வெறுக்கவில்லை. 5-ஆம் அதிகாரத்தில் கடலில் உள்ள உயிர்களும் சேர்ந்துதான் துதி பாடுகின்றன. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவும் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு போட்டு, மீன் சுட்டு வைத்து, ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். கையில் ஆணித் தழும்போடு. கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். பசியும் உடம்பும் பழைய காயமும் தெரிந்த ஒருவர் கரையில் நிற்கிறார்.

இனி அழுகைக்கு வருகிறேன். அந்தப் பிரசங்கியார் சொன்னது தவறு. "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்" என்றுதான் வசனம் இருக்கிறது. துடைப்பதற்குக் கண்ணீர் இருக்க வேண்டாமா? கடவுள் தன் கையால் செய்வதாகச் சொன்ன வேலையை, ஒரு மனிதர் அதட்டிச் செய்ய என்ன அதிகாரம்? செத்துப்போன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். லாசருவின் சகோதரி மரியாளையும் அவளோடு வந்தவர்களையும் அழாதீர்கள் என்று அடக்கவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார். துக்கமே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை.

உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் கல்லறைத் திருநாளன்று ஒரு காட்சி பார்த்தேன். சொந்தக் கல்லறை இருப்பவர்கள் அதைக் கழுவி, பூப்போட்டு, ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். கடலில் போனவர்களின் வீட்டார் நடுவிலிருந்த பெரிய சிலுவையடியில் கூடியிருந்தார்கள். ஒரு பெண் மெழுகுவர்த்தியைக் கொளுத்துகிறார், கடற்காற்று அணைக்கிறது, மறுபடி கொளுத்துகிறார். உருகிய மெழுகு விரல் இடுக்கில் வழிந்து உறைந்திருந்தது, அவர் அதை உதறவில்லை. பக்கத்தில் நின்ற பையன் சேலைத் தலைப்பைப் பிடித்துக் காற்றை மறைத்தான். அங்கே அழாதவர்களே இல்லை. அவர்களைவிட விசுவாசமுள்ளவர்களை நான் பார்த்ததும் இல்லை.

சத்தம் போடாமல் இருக்கத்தான் இதெல்லாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் ஊர்களே வேறு பதில் சொன்னவை. 2017 டிசம்பர் 7-ஆம் தேதி, காணாமல்போன மீனவர்களைத் தேடச் சொல்லிக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பங்குத்தந்தையர்களும் கூட இருந்தார்கள். பிள்ளைகள் மோட்சத்தில் இருப்பார்கள், விட்டுவிடுவோம் என்று யாரும் சொல்லவில்லை. கப்பல் அனுப்பு, ஹெலிகாப்டர் அனுப்பு என்றார்கள். மரித்தோர் ஒவ்வொருவரையும் கடவுள் திரும்பக் கேட்பார் என்று நம்புகிற சனம், அரசாங்கத்திடமும் ஒவ்வொருவரையும் கேட்கத்தான் செய்யும். அதே வெளிப்படுத்தின விசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தில், கொலையுண்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்" என்று கூப்பிடுகின்றன. மோட்சத்திலேயே இந்தச் சத்தம் இருக்கிறது. யாரும் அதை அவிசுவாசம் என்று கண்டிக்கவில்லை.

நீங்கள் நர்ஸ் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1922 எவரெஸ்ட் பயணம் முடித்து நெய்யூர் மருத்துவமனையைப் பார்க்க வந்த டாக்டர் சோமர்வெல், அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்துக்குத் திரும்பி டாக்டராகப் பெயரெடுக்கும் எண்ணத்தை விட்டார். வருத்தமில்லாத ஒரு நாள் வரும் என்று நம்பியவர்தான். அதற்காக இங்கே வயிற்று வலியோடு வந்தவனைக் காத்திருக்கச் சொல்லவில்லை, கத்தியை எடுத்து அறுவை சிகிச்சை செய்தார். உங்கள் வார்டில் ராத்திரி டியூட்டியில் நீங்கள் வலிக்கு ஊசி போடும்போது செய்வதும் அதே நம்பிக்கையின் வேலைதான். அப்படி நினைத்துச் செய்யுங்கள்.

தம்பி ஏன் போனான் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. "கடவுள் சித்தம்" என்று சொல்லி அதை முடித்துவைக்க எனக்கு மனம் வராது. புயல் எச்சரிக்கை ஆழ்கடலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததற்கு மனிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். 20-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் தொடங்கி 21-க்குள் போங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். அழுதால் அழட்டும். மேலே ஏதாவது கேட்டார் என்றால், அவர் சொன்ன வார்த்தையிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்