பேச்சு லேட்டு, பிடிவாதம் ஜாஸ்தி!

கேள்வி: வணக்கம்ங்க அக்கா. காரா (தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு) மூலமா ஒடிசாவுல இருந்து பையனைத் தத்தெடுத்தோம். வர்றப்ப பத்து மாசம், இப்ப 16 மாசம் ஆகுது. "ம்மா", "தா", "பூ" இவ்ளோதாங்க பேச்சு. செடியில இருக்கறதும் பூ, பூனையும் பூ, கதவுல தொங்கற பூட்டும் பூ! பக்கத்து வீட்டுப் பாப்பா அதே வயசுதான், வாய் ஓயறதில்ல. மாமியார் "பாஷை மாறுனதுல குழம்பிட்டான்"ங்கறாங்க. அதுபோக புது ஆள் வந்தா என் காலுக்குப் பின்னாடி ஒளியறான், சாப்பாட்டுக் கிண்ணத்தை அவனே பிடிக்கணும், நான் ஊட்டப் போனா தூக்கி எறியறான். "யாரு ரத்தமோ"ன்னு சொந்தக்காரங்க காதுபடவே பேசறாங்க. பயமா இருக்குதுங்க.
- பேர் வேண்டாங்க, ஈரோடு

பதில்: முதல்ல அந்தப் பூட்டுக்கு வர்றேன். பூ, பூனை, பூட்டு மூணுலயும் முதல் சத்தத்தை மட்டும் சரியா பிடிச்சு சொல்றான் பாருங்க, கேக்குறதை கவனிச்சுப் பிடிக்கிறான்னு தோணுது, வாய்தான் இன்னும் மிச்சத்துக்கு பழகல. இந்த வயசுல எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான்.

குழந்தைங்க காது ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள சுத்தி பேசற மொழியோட சத்தத்துக்கு ஏத்த மாதிரி டியூன் ஆகிக்கும். உங்க பையன் அந்த டைம்ல பாதிக்கு மேல ஒடியா கேட்டிருக்கான். தமிழ்ல அவனுக்கு வயசு ஆறே மாசம், அதுக்குள்ள மூணு வார்த்தை! ஒரு வயசுக்கு முன்னாடி வேற மொழி வீட்டுக்குப் போன குழந்தைங்க பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல எட்டிப் பிடிச்சிடுறாங்க. குழப்பமெல்லாம் இல்லம்மா.

ஆனா காது டெஸ்ட் மட்டும் தள்ளிப் போடாதீங்க. அவன் முன்னாடி இருந்த ஹோம்ல குடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்ல அது இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா ஓஏஇங்கற காது டெஸ்ட் எடுத்திடுங்க, சில நிமிஷ வேலை, வலியும் கிடையாது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல இலவசமாவே பாப்பாங்க. விரல் நீட்டி காட்டறானா, பேர் சொன்னா திரும்பறானா? இல்லேன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டு வயசுல "அம்மா தா" மாதிரி ரெண்டு வார்த்தை சேரல, இல்ல வந்த வார்த்தையே காணாம போச்சுன்னா உடனே டாக்டர்.

இனி அந்த ரத்தப் பேச்சு. உங்க சொந்தக்காரங்க சொல்றது பாதி நிஜம்தான், கோவிச்சுக்காதீங்க. அமெரிக்காவுல கொலராடோவுல தத்துக் குழந்தைங்களை வச்சு நடந்த ஆய்வு ஒண்ணு 1981ல வந்துச்சு. ஒரு வயசுக் குழந்தையோட பேச்சுத் திறமைக்கும் பெத்தவளோட அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருந்துச்சு, அதே மாதிரி வளக்கிற அம்மா குழந்தை போடற சத்தத்தை திருப்பிச் சொல்றதுக்கும் தொடர்பு இருந்துச்சு. முதலாவது நம்ம கையில இல்ல, ரெண்டாவது முழுக்க உங்க கையில. அவன் பூட்டைப் பாத்து "பூ"ன்னா "பூட்டு சொல்லு, சொல்லு"ன்னு பரீட்சை வைக்காதீங்க. "பூ... ஆமா பூட்டு, தாத்தா பூட்டிட்டாரு"ன்னு சொல்லிட்டு அவன் முகத்தைப் பாத்துட்டு கொஞ்சம் சும்மா இருங்க, அவன் ஏதாவது திருப்பிச் சொல்லுவான், அதுக்கு நீங்க சொல்லுங்க. டிவி ஓடிட்டிருந்தா இது நடக்காது, ஆஃப் பண்ணுங்க.

ஒளியறதைப் பத்தி: நியூயார்க்ல 1956ல இருந்து தாமஸ், செஸ்னு ரெண்டு டாக்டர்ங்க (புருஷன் பொண்டாட்டி) குழந்தைங்களை வருஷக்கணக்கா கவனிச்சாங்க, மெதுவா பழகற குழந்தைன்னு ஒரு வகையே பிரிச்சாங்க. பெத்த பிள்ளைங்க வீட்டுலயும் அந்த ரகம் உண்டு. அதுவும் தெரிஞ்ச முகமெல்லாம் ஒரே நாள்ல மாறிப்போன பையன், புது ஆளைக் கண்டா உங்க காலைத்தான் தேடறான்னா சந்தோஷப்படுங்க. கிண்ணத்தை அவன்கிட்டயே குடுத்திடுங்க, தரையில பழைய பேப்பரை விரிச்சிடுங்க, பாதி சிந்தட்டும்.

தத்தெடுத்த பிறகு குழந்தை எப்படி இருக்கான்னு பாக்க ஃபாலோ-அப்புக்கு ரெண்டு வருஷம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆள் வருவாங்க இல்ல, அடுத்த தடவை வர்றப்ப ஹோம்ல எப்படி தூங்க வச்சாங்க, யாரு ஊட்டுவாங்கன்னு விசாரிச்சுத் தரச் சொல்லுங்க.

கேள்வி: தத்துன்னு பிள்ளைகிட்ட எந்த வயசுல சொல்லலாம்?
- ஒரு அப்பா, திருச்சி

பதில்: இன்னைக்கே சார். புரியாத வயசுலயே "உன்னைக் கூட்டிட்டு வர அன்னைக்கு ட்ரெயின்ல..."ன்னு கதையா ஆரம்பிங்க. பதினஞ்சு வயசுல கல்யாண வீட்டுல ஒரு சித்தப்பா வாயில இருந்து கேக்க விட்டுடாதீங்க.