ரோபோவுக்குக் கேமரா: வாங்கும் முன் விதியைப் பாருங்கள்

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) என்ற ரோபோ போட்டியில் பள்ளி அணிக்கு ஓட்டுநர் அவள்தான். நடுவில் இருக்கும் அமைப்புக்குப் பின்னால் ரோபோ போய்விட்டால் அது பொருளைப் பிடித்ததா இல்லையா என்றே தெரியவில்லையாம். ட்ரோனில் மாட்டும் வயர்லெஸ் கேமராவும் திரையும் சேர்த்து 9,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கித் தரலாமா?
- ஒரு தந்தை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். எஃப்டிசியில் ஆட்டம் நடக்கும்போது ரோபோவிலிருந்து ஓட்டுநருக்கு வீடியோ அனுப்பவே கூடாது. யூஎஸ்பி வெப்கேம் மாட்டலாம், ஆனால் அது பார்ப்பதை ரோபோவின் நிரல்தான் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் குழம்புவதற்குக் காரணம் உண்டு. பெரிய ரோபோக்கள் ஆடும் எஃப்ஆர்சி (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன்) என்ற வேறொரு போட்டியில் வீடியோவுக்கு அனுமதி இருக்கிறது. அங்கே 2019 ஆட்டத்தில் முதல் 15 விநாடி திரைச்சீலையை இறக்கி ஓட்டுநரின் பார்வையையே மறைத்தார்கள். பல அணிகள் கேமராவைப் பார்த்துத்தான் ஓட்டின. அந்தப் போட்டியின் வீடியோக்களைப் பார்த்து இந்தப் போட்டிக்குச் சாமான் வாங்கினால் காசு தண்டம்.

அவளுக்குத் தெரிய வேண்டியது 'பிடித்ததா இல்லையா' என்பது மட்டும்தானே? பிடிக்கும் இடத்தில் ஒரு கலர் சென்சாரோ தூரம் அளக்கும் சென்சாரோ வைத்தால் போதும். பொருள் உள்ளே வந்ததும் கையிலிருக்கும் கன்ட்ரோலர் அதிரும்படி நிரல் எழுதலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பல அணிகள் வைத்திருக்கும் லாஜிடெக் எஃப்310 கன்ட்ரோலரில் அதிர்வு கிடையாது. பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்ட்ரோலரில் உண்டு. ஆனால் போட்டியில் அதை வயர் போட்டுத்தான் இணைக்க வேண்டும். ரோபோவின் உச்சியில் ஒரு எல்இடி விளக்கு வைத்தால் பக்கத்தில் நிற்கும் கோச்சுக்கும் தெரியும். எந்த விளக்கு, எந்த சென்சார் செல்லும் என்று இந்த ஆண்டு விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், ரோபோ எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று தெரியாமல் தடுமாறுவதைச் சரிசெய்யச் செலவே இல்லை. மெக்கானம் சக்கரம் (திரும்பாமலே பக்கவாட்டிலும் நகர விடும் சக்கரம்) போட்ட ரோபோ என்றால், ரோபோவின் மூளையான கன்ட்ரோல் ஹப்பிலேயே இருக்கும் ஐஎம்யூவை (ரோபோ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார்) வைத்து, கன்ட்ரோலரின் குச்சியை முன்னால் தள்ளினால் ரோபோ எப்போதும் ஓட்டுநரை விட்டு விலகிப் போகும்படி எழுதிவிடலாம். மொட்டை மாடியில் 12 அடிக்கு 12 அடி கோடு போட்டு, நடுவில் டிவி அட்டைப்பெட்டியை நிறுத்தி ஓட்டிப் பழகட்டும்.

கேமராவை ஏற்கெனவே ஆர்டர் செய்துவிட்டீர்களா? போட்டியில் செல்லாது என்பது பொருளின் குறைபாடு ஆகாது. திரும்பப் பெறுவது அந்தத் தளத்தின் ரிட்டர்ன் விதியைப் பொறுத்தது, சீலைப் பிரிக்காதீர்கள். ஆனால் 'எஃப்டிசிக்கு ஏற்றது' என்று போட்டு விற்றிருந்தால் கதை வேறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதி. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு விற்றவரிடம் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.